35 வருடப் பதக்கமும் 60 விநாடி விளம்பரமும்



ஞாயிற்றுக்கிழமை நடந்த ஐ.டி. அணி பயிற்சி வகுப்பில் நான் பேசியதை எழுத்தில் தரச்சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வர முடியாத தோழர்களுக்காக இங்கே முழுசாகப் போடுகிறோம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சிலதையும் சேர்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ குடிச்சிட்டே படிங்க.

எனக்குக் கொடுத்த தலைப்பு "அவதூறை எதிர்கொள்வது எப்படி". நம்ம தலைவர் 40 நிமிடம் பேசினா அதில் 12 விநாடியை வெட்டி எடுத்து, பின்னாடி ஒரு சோக மியூசிக்கைப் போட்டு, ராத்திரி பத்து மணிக்குள்ள ஊரெல்லாம் பரப்பிடறாங்க. காலையில் நாம் முழு வீடியோவைத் தேடி எடுத்துப் போடும்போது, "சரி, அதான் பார்த்தாச்சே" என்று ஜனங்க நகர்ந்துடறாங்க. இதைத்தானே தினமும் பார்க்கிறோம்?

இது வாட்ஸ்அப் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்கிறவங்களுக்காகத்தான் நான் உங்களை 2004-க்குக் கூட்டிப்போறேன். அமெரிக்க அதிபர் தேர்தல். அப்போ வாட்ஸ்அப் இல்லை, ட்விட்டர் இல்லை, யூடியூப் இல்லை. ஃபேஸ்புக் ஒரு கல்லூரி விடுதிக்குள்ள அப்போதுதான் பிறந்திருந்தது. ஆனாலும் வெட்டின வீடியோ, ஒட்டின போட்டோ, போலிச் சந்தேகம் கொண்ட ஆவணம், "நாங்க கேள்விதானே கேட்கிறோம்" என்கிற பாவனை, எல்லாம் அந்த ஒரே தேர்தலில் இருந்தது.

ஒரு பக்கம் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், பதவியில் இருக்கும் அதிபர், ஈராக் போரைத் தொடங்கியவர். எதிரில் ஜான் கெர்ரி, மாசசூசெட்ஸ் மாநில செனட்டர். புஷ் வியட்நாமுக்குப் போகவில்லை. டெக்சாஸ் விமானத் தேசியக் காவல் படையில் சேர்ந்து உள்நாட்டிலேயே இருந்தவர். கெர்ரி வியட்நாமில் சண்டை போட்டு, மூன்று முறை காயம்பட்டு, வீரப் பதக்கம் வாங்கி வந்தவர். இப்போ நீங்களே சொல்லுங்க, ராணுவச் சேவை பற்றிப் பேச்சு வந்தா யார் பதறணும்?

பதறினது கெர்ரி. அது எப்படி நடந்தது என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். கெர்ரி யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வசதியான வட்டாரம். 1966-ல் கடற்படையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அவர் மாதிரி பையன்களுக்குப் போருக்குப் போகாமல் தப்பிக்க நூறு வழி இருந்தது. இவர் முதலில் ஒரு போர்க்கப்பலில் போனார். பிறகு தானாகவே கேட்டு 'ஸ்விஃப்ட்' படகுப் பிரிவுக்கு மாறினார். ஸ்விஃப்ட் படகு என்பது அலுமினியத்தில் செய்த ஐம்பது அடி ரோந்துப் படகு. இரண்டு கரையிலும் அடர்ந்த செடிகொடி இருக்கிற மீகாங் வடிநில ஆறுகளுக்குள் அதை ஓட்டிப்போகணும். கரையில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று சுடும்போதுதான் தெரியும்.

1968 நவம்பரில் போனார், 1969 மார்ச்சில் திரும்பினார். சுமார் நான்கு மாதம். அதற்குள் போரில் காயம் பட்டவர்களுக்குத் தரும் 'பர்ப்பிள் ஹார்ட்' மூன்று. 1969 பிப்ரவரி 28-ம் தேதி, கரையிலிருந்து தாக்குதல் வந்தபோது படகை விலக்கி ஓட்டாமல் நேராகக் கரையிலேயே ஏற்றி, ராக்கெட் லாஞ்சரோடு இருந்த எதிரியைத் துரத்திப்போய்ச் சுட்டதற்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம். மார்ச் 13-ம் தேதி, ஆற்றில் விழுந்த ஜிம் ராஸ்மன் என்கிற சிறப்புப் படை வீரரைத் திரும்பிப்போய்த் தன் கையால் இழுத்துப் படகில் ஏற்றியதற்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம். மூன்று பர்ப்பிள் ஹார்ட் வாங்கினவர் போர்முனையிலிருந்து மாற்றல் கேட்கலாம் என்று விதி இருந்தது. கேட்டார், கொடுத்தார்கள், வந்துவிட்டார்.

இது கதையின் முதல் பாதி.

இரண்டாம் பாதி, ஊருக்கு வந்த பிறகு. அந்தப் போர் தப்பு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. 'போருக்கு எதிரான வியட்நாம் முன்னாள் வீரர்கள்' அமைப்பில் சேர்ந்தார். 1971 ஏப்ரல் 22-ம் தேதி, வயது 27, செனட்டின் வெளியுறவுக் குழு முன்னால் ராணுவச் சட்டையோடு உட்கார்ந்து சாட்சியம் சொன்னார். ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி மனிதனாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்ற அர்த்தத்தில் அவர் கேட்ட கேள்வி நாடு முழுக்கப் போனது. மறுநாள், நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் போட்ட வேலிக்கு மேலே தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். கெர்ரியும் எறிந்தார்.

அதிபர் நிக்சன் கவனிக்க ஆரம்பிச்சார். இந்தப் பையனுக்கு எதிராக ஒருத்தரை நிறுத்தணும் என்று வெள்ளை மாளிகையிலேயே வேலை நடந்தது. கிடைத்தவர் ஜான் ஓ'நீல். கெர்ரி விட்டுப்போன அதே படகுக்குப் பின்னாடி தலைமை ஏற்றவர். 1971 ஜூன் மாதம் டிக் கேவட் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இரண்டு பேரும் நேருக்கு நேர் வாதாடினார்கள். இந்தப் பேரை ஞாபகம் வைச்சுக்கோங்க. 33 வருடம் கழிச்சு அதே மனிதர் திரும்ப வருவார். அரசியலில் பழைய பகை எக்ஸ்பயரி ஆகிறதே இல்லை.

இப்போ 2004 ஜூலை 29. பாஸ்டன் நகரில் ஜனநாயகக் கட்சி மாநாடு. கெர்ரி மேடைக்கு வந்து ராணுவ சல்யூட் அடித்து, பணிக்கு வந்துவிட்டேன் என்று அறிவித்தார். மேடையில் பழைய படகுத் தோழர்கள். மாநாடு முழுக்க வியட்நாம், வீரம், பதக்கம். ஈராக்கில் போர் நடக்கிற நேரம், இவர் புஷ்ஷை விடப் பெரிய வீரர் என்று காட்டணும் என்பது கணக்கு.

ஆனா அந்த மேடையில் ஒன்று அநேகமாகக் காணோம். 1971. போரை எதிர்த்துப் பேசின கெர்ரி அங்கே வரவே இல்லை. போனான், சண்டை போட்டான், திரும்பி வந்து "இது தப்பு" என்று தைரியமாச் சொன்னான் என்று முழுக் கதையையும் சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்டா, துப்பாக்கிக்கு முன்னால் நின்றதை விட அந்தச் சாட்சியத்துக்குத்தான் கூடுதல் தைரியம் வேணும். ஆனா ஆலோசகர்கள் பாதியை எடுத்துக்கிட்டு மீதியை மூட்டை கட்டிப் பரணில் போட்டுட்டாங்க. நீங்க சொல்லாமல் விட்ட பாதியை எதிரி சொல்லுவான், அவன் வசதிக்குச் சொல்லுவான்.

ஏழே நாள். ஆகஸ்ட் 5-ம் தேதி முதல் விளம்பரம் வந்தது. 60 விநாடி. 'உண்மைக்கான ஸ்விஃப்ட் படகு வீரர்கள்' என்று ஒரு குழு. வயசான முன்னாள் வீரர்கள் ஒவ்வொருத்தராகக் கேமரா முன்னால் வந்து, கெர்ரி பொய் சொல்கிறார், பதக்கம் வாங்கினது நேர்மையாக இல்லை, அவரை நம்பாதீங்க என்று சொன்னார்கள். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? கூட இருந்தவங்களே சொல்றாங்களே!

இங்கேதான் நாம் நின்று பார்க்கணும். 'கூட இருந்தவர்கள்' என்றால் யார்? ஸ்விஃப்ட் படகுப் பிரிவில் இருந்தவர்கள், உண்மை. ஆனா கெர்ரி தலைமை தாங்கிய படகில் அவர் கீழே வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கெர்ரி பக்கம் நின்றார்கள். ஒரே ஒருவர்தான் எதிர்ப் பக்கம். ஒரே தெருவில் குடியிருந்தவர் என்பதும் ஒரே வீட்டில் குடியிருந்தவர் என்பதும் ஒன்றா? ஒரு பொய்யான வாக்கியம் கூட இல்லாமல் ஒரு பொய்யான எண்ணத்தை உண்டாக்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விளம்பரத்துக்கு ஆரம்பத்தில் ஒதுக்கினது சுமார் 5 லட்சம் டாலர், மூன்று மாநிலத்தில் மட்டும். அமெரிக்கத் தேர்தல் கணக்கில் இது பொரிகடலைக் காசு. ஆனா செய்தி சேனல்கள் அதை 'சர்ச்சை' என்று சொல்லித் திரும்பத் திரும்ப ஓசியில் காட்டின. காசு கொடுத்துப் பார்த்தவர்களை விட ஓசியில் பார்த்தவர்கள்தான் அதிகம். "இந்த அவதூறைப் பாருங்க" என்று கோபத்தில் நாமே எதிரியின் வீடியோவை ஷேர் செய்கிறோமே, அதுவும் இதே வேலைதான். அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து இன்றோடு விடுங்க.

பணம் யார் கொடுத்தது? டெக்சாஸ் கட்டுமான அதிபர் பாப் பெர்ரி 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். புஷ்ஷின் கட்சிக்கும் பெரிய நன்கொடையாளர். ஆனா குழுவோ கட்சியோடு சம்பந்தமில்லாத தனி அமைப்பு என்று பதிவானது. சட்டப்படி சரி. புஷ் பிரச்சாரத்தின் வழக்கறிஞர் ஒருவரே இந்தக் குழுவுக்கும் ஆலோசனை சொன்னது வெளியே வந்ததும் அவர் ராஜினாமா செய்தார். புஷ்ஷோ, கெர்ரியின் சேவை பெருமைக்குரியது என்றார், வெளிக் குழுக்களின் விளம்பரம் எல்லாமே நிறுத்தப்படணும் என்றார், இந்தக் குறிப்பிட்ட விளம்பரம் பொய் என்று மட்டும் சொல்லவில்லை. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க! புஷ்ஷின் சொந்தக் கட்சிக்காரர், வியட்நாமில் ஐந்து வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்த ஜான் மெக்கெயின், அதை நேர்மையற்ற விளம்பரம் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்கு நாலு வருடம் முன்னால் அதே மாதிரி அடி வாங்கினவர் அவர்.

குற்றச்சாட்டுகள் ஆதாரத்தோடு மோதினபோது என்ன ஆச்சு? மார்ச் 13 சம்பவத்தில் எதிரி சுடவே இல்லை, கெர்ரி கதை விட்டார் என்றார் லாரி தர்லோ. அதே நாளுக்காக அவருக்கும் ஒரு வெண்கல நட்சத்திரம் கிடைத்திருந்தது. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அந்தப் பதக்க ஆவணத்தை எடுத்துப் பார்த்தது. எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே செய்த வீரச்செயல் என்று அவருடைய ஆவணத்திலேயே எழுதியிருந்தது! ஆற்றில் விழுந்த ராஸ்மன் குடியரசுக் கட்சிக்காரர். அவரே வந்து, தன்மேல் குண்டுகள் பாய்ந்துகொண்டிருந்தன, கெர்ரிதான் உயிரைக் காப்பாற்றினார் என்றார். பிப்ரவரி 28 அன்று போன மூன்று படகுகளில் ஒன்றின் தலைவர் வில்லியம் ரூட். அப்போது சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையில் ஆசிரியர் குழுவில் இருந்தார். 35 வருடம் இதைப் பற்றிப் பேசாதவர், கடைசியில் மௌனம் கலைத்து, குற்றச்சாட்டு தவறு என்று எழுதினார். செப்டம்பரில் கடற்படையின் தலைமை ஆய்வாளர், பதக்கங்கள் முறைப்படிதான் வழங்கப்பட்டன என்று சொல்லி முடித்தார்.

அப்போ கெர்ரி ஜெயிச்சிருக்கணுமே? இல்லை. ஏன்னா இதெல்லாம் நடக்கும்போது கெர்ரி பிரச்சாரம் வாயைத் திறக்கவில்லை. பதில் சொன்னா அவதூறுக்கு மரியாதை கொடுத்த மாதிரி ஆகிடும், இரண்டு நாளில் அடங்கிடும் என்று நினைத்தார்கள். இன்னொரு காரணம் பணம். மாநாட்டில் வேட்பாளர் ஆன நிமிடத்திலிருந்து அரசு தரும் சுமார் 7.5 கோடி டாலரை வைத்துத்தான் தேர்தல் வரை ஓட்டணும். கெர்ரிக்கு அந்தக் கணக்கு ஜூலை இறுதியிலேயே தொடங்கியது. புஷ்ஷின் மாநாடு செப்டம்பர் ஆரம்பத்தில்தான் முடிந்தது. அதனால் ஆகஸ்ட் முழுக்கச் சிக்கனம். கெர்ரி நேரடியாகப் பதில் சொன்னது ஆகஸ்ட் 19, தீயணைப்பு வீரர்கள் கூட்டத்தில். முதல் விளம்பரத்துக்கும் அதற்கும் நடுவில் 14 நாள்.

பதினாலு நாள், தோழர்களே. நாம் 14 மணி நேரம் தாமதமானாலே ஆட்டம் முடிஞ்சிடுது.

மாத இறுதியில் நியூயார்க்கில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், சில பிரதிநிதிகள் ஊதா நிற இதயம் வரைந்த பேண்டேஜ் ஒட்டிக்கிட்டு வந்தார்கள். கெர்ரியின் காயம் சின்னக் காயம் என்று கிண்டல். அதே பர்ப்பிள் ஹார்ட்டை ஈராக்கில் வாங்கிக்கிட்டிருந்த பையன்கள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

அடுத்து இரண்டாவது விளம்பரம். எனக்கு முதல் விளம்பரத்தை விட இதுதான் பயமா இருக்கும், ஏன்னா இதில் பேசுவது கெர்ரியேதான். 1971 சாட்சியத்தின் உண்மையான ஒலிப்பதிவு. அமெரிக்க வீரர்கள் வியட்நாமில் கற்பழித்தார்கள், காதை அறுத்தார்கள், கிராமங்களை நாசம் செய்தார்கள் என்று இளைஞர் கெர்ரி சொல்வது கேட்கும். நடுவில் முன்னாள் போர்க் கைதிகள் வந்து, நாங்க சிறையில் சித்ரவதை பட்டும் சொல்லாததை இவர் சும்மாவே சொல்லிட்டார் என்று கலங்குவார்கள்.

எதை வெட்டினார்கள் தெரியுமா? அந்த வரிகளுக்கு முன்னால் வரும் பகுதியை. சில மாதங்களுக்கு முன் டெட்ராய்ட் நகரில் முன்னாள் வீரர்கள் கூடி, தாங்களே செய்ததாக வாக்குமூலம் கொடுத்ததை எடுத்துச் சொல்கிறேன் என்றுதான் கெர்ரி தொடங்கினார். 'அவர்கள் சொன்னார்கள்' என்பதை வெட்டிட்டா, மற்றவர்களின் வாக்குமூலம் இவருடைய குற்றச்சாட்டாக மாறிடும். குரல் அவருடையது, வார்த்தை அவருடையது, ஆனா பொய். டீப்ஃபேக் எதுக்கு? ஒரு கத்தரிக்கோல் போதும்.

அதே சமயம் அந்தக் கைதிகளின் வலியை நான் பொய் என்று சொல்லமாட்டேன். நிஜமாகவே காயப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். மை லாய் படுகொலைக்காக ஒரு அமெரிக்க அதிகாரி தண்டிக்கப்பட்டதே அந்தச் சாட்சியத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், அதனால் கெர்ரி இல்லாததைச் சொல்லவில்லை. ஆனா அவர் பேசின விதத்தில் எல்லா வீரர்கள் மேலும் கறை படிஞ்ச மாதிரி பலருக்கு இருந்தது. 2004 ஏப்ரலில் ஒரு டி.வி. பேட்டியில் கெர்ரியே, சில வார்த்தைகள் அதிகப்படி என்று ஒப்புக்கொண்டார். நல்ல அவதூறு எப்போதுமே ஒரு நிஜமான காயத்தின் மேலேதான் கூடு கட்டும். வெறும் பொய் அவ்வளவு தூரம் பறக்காது.

போட்டோ கதையும் உண்டு. அந்த வருடம் பிப்ரவரியில், கெர்ரியும் நடிகை ஜேன் ஃபோண்டாவும் ஒரே மேடையில் போரை எதிர்த்துப் பேசுகிற மாதிரி ஒரு படம் பரவியது. ஃபோண்டா எதிரி நாடான வட வியட்நாமுக்கே போய் வந்தவர், முன்னாள் வீரர்களில் பலருக்கு அவர் பேரைக் கேட்டாலே ஆகாது. பத்திரிகை கட்டிங் மாதிரியே, செய்தி நிறுவனத்தின் பேரோடு இருந்தது அந்தப் படம். முழுப் பொய். 1971-ல் கெர்ரியை எடுத்த படத்தையும் 1972-ல் ஃபோண்டாவை எடுத்த படத்தையும் ஒட்டினது. கெர்ரி படத்தை எடுத்த போட்டோகிராஃபரிடம் ஒரிஜினல் நெகட்டிவ் இருந்ததால் மாட்டிக்கிச்சு. ஆனா இன்னொரு படம் நிஜம். 1970-ல் ஒரு கூட்டத்தில் முன்வரிசையில் ஃபோண்டா, சில வரிசை பின்னாடி மங்கலாகக் கெர்ரி. நிஜப் படம் பொய்ப் படத்துக்குச் சாட்சி சொல்லிடுச்சு.

சரி, எல்லாம் எதிரி தப்பா? கெர்ரி பக்கம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுமே இல்லையா? இருந்தது. இதை நான் வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்டுச்சு. ஆனாலும் சொல்றேன். 1968 கிறிஸ்துமஸ் அன்று, சட்டவிரோதமாக எல்லை தாண்டிக் கம்போடியாவுக்குள் இருந்தேன் என்று கெர்ரி 1986-ல் செனட்டிலேயே பேசியிருந்தார். அந்தத் தேதி நிற்கவில்லை. 2004-ல் அவருடைய பிரச்சாரக் குழு அந்தக் கதையைத் திருத்திக்க வேண்டி வந்தது. பதக்கத்தை எறிந்த விஷயமும் அப்படித்தான். எறிந்தது தன் ரிப்பன்களையும், வர முடியாத வேறு இரண்டு வீரர்கள் கொடுத்தனுப்பிய பதக்கங்களையும். தன் பதக்கம் வீட்டில் இருந்தது. ஆனா 1971 பேட்டி ஒன்றில் தன் பதக்கங்களையே திருப்பிக் கொடுத்த மாதிரி பேசியிருந்தார், அந்த நாடா 2004 ஏப்ரலில் வெளியே வந்தது. முழு ராணுவ ஆவணங்களையும் வெளியிடச் சம்மதித்துக் கையெழுத்து போட்டது 2005-ல், தேர்தல் முடிஞ்ச பிறகு. முன்னாடியே போட்டிருந்தா என்ன?

ஓட்டு கேட்கிறவரின் கடந்த காலத்தைக் கேள்வி கேட்பது தப்பே இல்லை. அது நம்ம உரிமை. புஷ்ஷிடமும் நியாயமான கேள்வி இருந்தது. 1972-ல் உடல் பரிசோதனைக்குப் போகாததால் அவர் விமானம் ஓட்டும் தகுதி நிறுத்தப்பட்டது. அந்த வருடத்தில் பல மாதம் அவர் பணிக்கு வந்தாரா என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியா இல்லையா?

அந்தக் கேள்வியைக் கொன்றது புஷ் இல்லை. சி.பி.எஸ். தொலைக்காட்சி. செப்டம்பர் 8-ம் தேதி, புஷ்ஷின் பழைய மேலதிகாரி 1972, 73-ல் டைப் அடித்ததாகச் சொல்லப்பட்ட குறிப்புகளை டான் ராதர் நிகழ்ச்சியில் காட்டினார்கள். அந்த மேலதிகாரி 1984-லேயே இறந்துவிட்டவர். கிடைத்தது அசல் இல்லை, நகல். ஒளிபரப்பான சில மணி நேரத்திலேயே வலைப்பதிவர்கள் எழுத்துருவைப் பிடித்தார்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி அந்தக் காலத்துச் சாதாரணத் தட்டச்சு இயந்திரம் மாதிரி இல்லை. எண்ணுக்குப் பின்னால் வரும் இரண்டு ஆங்கில எழுத்து சின்னதாக மேலே ஏறி உட்கார்ந்திருக்கு. ஒருத்தர் மைக்ரோசாஃப்ட் வேர்டைத் திறந்து, எந்த செட்டிங்கும் மாற்றாமல் அதே வரிகளை டைப் செய்து மேலே வைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது! செப்டம்பர் 20-ம் தேதி, ஆவணங்களின் நம்பகத்தன்மையை நிரூபிக்க முடியவில்லை என்று சி.பி.எஸ். மன்னிப்பு கேட்டது. தயாரிப்பாளர் வேலை போனது. டான் ராதர் அடுத்த மார்ச்சில் செய்தி நாற்காலியை விட்டு இறங்கினார். அதன் பிறகு புஷ்ஷின் ராணுவச் சேவையைப் பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லை. நம்ம பக்கம் இருக்கிற நூறு உண்மையை நம்ம பக்கம் இருக்கிற ஒரு போலிக் காகிதம் விழுங்கிடும். எதிரியின் பொய்யை விட நண்பனின் பொய்தான் எனக்குப் பயம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. மேடையில் சொல்வதா வேண்டாமா என்று யோசிச்சு, மாவட்டப் பொறுப்பாளரிடம் காட்டினேன். "இருக்கட்டும் தம்பி, சொல்லு" என்றார்.

ஒரு உள்ளாட்சித் தேர்தல். எங்க வார்டில் எதிரணி வேட்பாளர் ஒரு முன்னாள் ராணுவ வீரர். நோட்டீஸில் பேருக்குப் பின்னாடி அதைப் பெரிசாகப் போட்டிருந்தார். நம்ம குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் வந்தது: அவர் சண்டைக்கே போகலை, வெறும் சமையல்காரர், சும்மா வீரர்னு போட்டுக்கிறார் என்று. யார் பேசினது, யாருக்கும் தெரியாது. நான் அப்போது காலேஜ் முடிச்ச புதுசு, ஃபோட்டோஷாப் கைவந்த கலை. "இவர் உண்மையிலேயே ராணுவ வீரரா?" என்று கேள்விக்குறியோடு ஒரு கார்டு போட்டேன். கேள்விக்குறி இருந்தா கேஸ் வராது என்று ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கப் போயிடுச்சு.

மறுநாள் காலை டீக்கடையில் நம்ம வட்டச் செயலாளரும் நானும் நிற்கிறோம். அவர் சைக்கிளில் வந்தார். மஞ்சப்பையிலிருந்து டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பெஞ்சு மேலே வைத்தார். 17 வருடச் சர்வீஸ். சமையல்காரர்தான், பொய் இல்லை. லடாக்கில் பனியில் இருந்த வருடங்களும் அதில் இருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கதானே கம்ப்யூட்டர் பார்க்கிறது? கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே" என்றார். கோபமாகக் கூட இல்லை. டீயும் குடிக்காமல் போயிட்டார்.

அந்த வார்டில் நாமதான் ஜெயிச்சோம். அதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லிக்கிட்டதில்லை.

ஸ்விஃப்ட் படகு விளம்பரத்தைப் பற்றி முதல் முறை படிச்சபோது எனக்குக் கெர்ரி ஞாபகம் வரவில்லை, அந்த மஞ்சப்பைதான் ஞாபகம் வந்தது.

முடிவு உங்களுக்குத் தெரியும். 2004 நவம்பர் 2, புஷ் 50.7 சதவீதம், கெர்ரி 48.3. ஒஹாயோ மாநிலம் கெர்ரிக்கு விழுந்திருந்தா அவர் அதிபர். அங்கே வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் ஓட்டு. முதல் விளம்பரம் ஓடின மூன்று மாநிலங்களில் ஒஹாயோ ஒன்று. விளம்பரத்தால் மட்டும்தான் தோற்றார் என்று நான் சொல்லவரவில்லை, ஈராக், பயங்கரவாத பயம், பொருளாதாரம் என்று நிறைய இருந்தது. ஆனா 'ஸ்விஃப்ட் படகு' என்பது அதன் பிறகு அமெரிக்க அரசியல் பேச்சில் ஒரு வினைச்சொல்லாகவே மாறிடுச்சு. ஒருத்தரின் பலத்தையே பலவீனமாக்கிப் பொய்யால் அடிப்பதற்குப் பேரே அதுதான். கெர்ரி பின்னாளில் வெளியுறவு அமைச்சரே ஆனார். அந்தச் சொல் மட்டும் அவரை விடவில்லை.

இன்னும் ஓயவும் இல்லை. 2024-ல் துணை அதிபர் வேட்பாளர் டிம் வால்ஸ் மேல் இதே பாணியில் வந்தாங்க. தேசியக் காவல் படையில் 24 வருடம் இருந்தவர். அவருடைய பிரிவு ஈராக் போறதுக்கு முன்னால் 2005-ல் ஓய்வு பெற்றதைக் காட்டி, ஓடிப்போனவர் என்றார்கள். போரில் தான் ஏந்திய ஆயுதம் என்று அவர் 2018-ல் பேசின வீடியோவையும் எடுத்தார்கள். அவர் போர்முனைக்குப் போனதே இல்லை, அது தவறான பேச்சுத்தான். அவர் தரப்பு சில நாளிலேயே வாய் தவறியது என்று ஒப்புக்கொண்டது. எதிர்ப்பக்கம் டிரம்ப் பிரச்சாரத்தை நடத்தின இருவரில் ஒருவர் கிறிஸ் லசிவிடா. 2004-ல் ஸ்விஃப்ட் படகுக் குழுவுக்கு வியூகம் வகுத்தவர் அவரேதான். இருபது வருட அனுபவம்!

இனி நம்ம வேலை. இந்த வாரத்திலிருந்து நம்ம மாவட்ட குரூப்பில் எதிரணித் தலைவர் யாருடைய வீடியோ போட்டாலும், முழு வீடியோவின் லிங்க் கூடவே வரணும். லிங்க் இல்லாத துண்டு வீடியோவை அட்மின் நீக்கிடுவார், கோவிச்சுக்காதீங்க. கேள்விக்குறி போட்ட கார்டு வேண்டாம். கேள்வி இருந்தா அந்த ஆளிடமே முதலில் கேளுங்க, பதில் வரலைன்னா 'கேட்டோம், பதில் இல்லை' என்று போடுங்க, அதுக்கு வலு அதிகம். நம்ம வேட்பாளர்கள் வேட்புமனு தாக்கல் செய்யும்போதே படிப்பு, வேலை, பழைய வழக்கு, பழைய பேச்சு எல்லாத்தையும் ஒரு ஃபோல்டரில் நாமே வைத்திருப்போம். அவருக்குச் சங்கடமானதையும் சேர்த்துத்தான். முக்கியமா அதைத்தான்.

அடுத்த வகுப்புக்கு முன்னால் ஒரு வீட்டுப்பாடம். கெர்ரியின் 1971 சாட்சியம் முழுசா இணையத்தில் கிடைக்கும். இரண்டாவது விளம்பரமும் கிடைக்கும். இரண்டையும் பார்த்து, எந்த விநாடியில் கத்தரி விழுந்திருக்கு என்று குறித்துக்கிட்டு வாங்க. லேப்டாப் இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க, ஹாலில் பிளக் பாயின்ட் இரண்டுதான் இருக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யாராவது கொண்டு வந்தா நல்லது.